சீனிக்கிழங்கு இலையில் இருப்பது ஆமை வண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டப் பக்கத்தில், சீனிக்கிழங்கு இலைமேல் உட்கார்ந்திருக்கும் தங்க நிறப் பூச்சி ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே 'பொன்வண்டு' என்று எழுதியிருந்தீர்கள். அதே பக்கத்தில் இரண்டு பத்தி தள்ளி, இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் கருப்பு அழுக்குப் புழுவைக் கண்டால் தாமதிக்காமல் மருந்து அடியுங்கள் என்று ஆலோசனை. படத்தில் இருப்பது பொன்வண்டு இல்லை, ஆமை வண்டு. அந்த அழுக்குப் புழு யாரென்றால் அந்த ஆமை வண்டு வகையறாவின் பிள்ளைதான். தாயைப் படமெடுத்துப் போட்டு அழகு பார்த்துவிட்டு, பிள்ளைக்கு விஷம் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். காலையில் டீயோடு படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், அப்புறம்தான் எத்தனை பேர் இதைப் பார்த்துவிட்டு ஸ்பிரேயரைத் தூக்குவார்களோ என்று தோன்றியது, அதனால் இந்தக் கடிதம்.

நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. தென்காசியில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன், ஊரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் 30 சென்ட் சீனிக்கிழங்கு (உங்கள் பக்கத்தில் சர்க்கரைவள்ளி என்பீர்கள்). ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் அந்தக் கொடிக்குள் குனிந்துகொண்டிருப்பதால் இந்த வண்டுகளோடு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுகிறேன். பொன்வண்டு என்பது நாம் சின்ன வயதில் தீப்பெட்டியில் போட்டு, கருவேல இலையோ கொடுக்காப்புளி இலையோ கிள்ளிப் போட்டு வளர்த்தது. பச்சையும் தாமிரமுமாக மினுங்கும், நீளமான கெட்டி உடம்பு, காலையில் திறந்து பார்த்தால் அரிசி மாதிரி முட்டை இட்டிருக்கும், அதை வைத்து வகுப்பில் பெருமை அடித்திருப்போம். அந்த வண்டின் நிறம் ஓட்டிலேயே அடுக்கடுக்காகப் பதிந்தது, செத்தாலும் போகாது. அதனால்தான் அந்தக் காலத்தில் பொன்வண்டு இறக்கையைத் துணியில் வைத்துத் தைத்து அழகு பார்த்தார்கள். ஆமை வண்டு வேறு குடும்பம், இலைவண்டுக் குடும்பம். அதன் தங்கத்தை நீங்கள் தைக்கவும் முடியாது, பெட்டியில் வைக்கவும் முடியாது.

இதை என் மகள்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள். நாலாம் வகுப்பு படிக்கும்போது வயலிலிருந்து ஒரு ஆமை வண்டைப் பிடித்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்தாள். சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். நடுவில் உருக்கி ஊற்றியது போலப் பொன், அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் விளிம்பு, அந்த விளிம்பில் நாலு மூலையிலும் பழுப்புக் கறை, தூரத்திலிருந்து பார்த்தால் நாலு கால் நீட்டிய குட்டி ஆமை. அஸ்பிடிமார்ஃபா சாங்க்டேக்ருசிஸ் என்று பெயர், பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெட்டியில் ஈரமும் இல்லை இலையும் இல்லை, மறுநாள் சாயங்காலத்துக்குள் அது செத்துவிட்டது, பெட்டியைத் திறந்தவள், "அப்பா, யாரோ மாத்தி வச்சிட்டாங்க" என்று அழுதாள். உள்ளே கிடந்தது காய்ந்த வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு சாதாரணப் பூச்சி.

யாரும் மாற்றவில்லை. இந்த வண்டுகளின் பொன் சாயம் கிடையாது. ஓட்டுக்குள் மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவற்றின் இடுக்குகளில் ஈரம் நிறைந்திருக்கும்வரை அந்த அடுக்கு ஒரு கண்ணாடியாக வேலை செய்கிறது, ஈரம் போனால் கண்ணாடியும் போய்விடும். பனாமா நாட்டில் உள்ள ஒரு ஆமை வண்டு இதையே ஒரு வித்தையாக வைத்திருக்கிறது. தொந்தரவு செய்தால் அந்த ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு நிமிடத்தில் பொன் மறைந்து அடியில் இருக்கும் சிவப்பு தெரியும், மனசு சமாதானமானால் திரும்பப் பொன்னாகிவிடும். இதை 2007-இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து விளக்கியிருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருக்கும் ஆமை வண்டுகள் பலவும் மங்கிய பழுப்பாக இருப்பதற்கும் காரணம் இதுதான், உயிரோடு பார்த்தவனுக்கு மட்டும்தான் அதன் பொன் தெரியும்.

சரி, ஆமை என்று ஏன் பெயர் வந்தது? இறக்கை ஓடும் கழுத்து ஓடும் பக்கவாட்டில் சப்பையாக விரிந்து, தலை, கால், மீசை எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். இலையில் அமர்ந்து அழுத்திக்கொண்டால் ஓட்டின் விளிம்புக்கும் இலைக்கும் நடுவே நகத்தை நுழைக்க முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன். 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்த வகைக்கு கஸ்ஸிடா என்று பெயர் வைத்தார், லத்தீனில் அது தலைக்கவசத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நாள் முழுக்க ஹெல்மெட் விற்கிறவனுக்கு இந்தத் தகவல் கிடைத்தபோது உண்டான சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன். நான் விற்கும் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொள்ளாமல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம், வண்டு ஒரு நாளும் அப்படிச் செய்வதில்லை.

ஓடு மட்டும் இருந்து என்ன, இலையை விட்டுக் கெல்லி எடுத்துவிட்டால்? அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு குட்டைப் பனையில் வாழும் நீல நிற ஆமை வண்டை கார்னெல் பல்கலைக்கழகத்து தாமஸ் ஐஸ்னர் சோதித்துப் பார்த்தார். அதன் ஆறு பாதத்திலும் சேர்த்து ஏறக்குறைய 60,000 மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் இரண்டு ஒட்டுப்பட்டைகள், அதில் எண்ணெய்ப் பசை. சும்மா நடக்கும்போது கொஞ்ச மயிரை மட்டும் தரையில் வைக்கும், எறும்பு வந்து தொட்டால் ஆறு பாதத்தையும் பரப்பி முழுசாக ஒட்டிக்கொள்ளும். தன் எடையைப் போல 60 மடங்கு பாரத்தைக் கட்டி இழுத்தாலும் இரண்டு நிமிடம் விடாமல் நிற்கிறது. எடை என்று பார்த்தால் வண்டு 13 மில்லிகிராம் சொச்சம்தான். எறும்பிடம் தப்பித்துவிடும், ஆனால் ஊசிமூக்கு வைத்துக் குத்திக் குடிக்கும் கொலைகாரப் பூச்சியிடம் மாட்டிக்கொள்ளும் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

இனி நீங்கள் விஷம் வைக்கச் சொன்ன பிள்ளையைப் பற்றி. ஒரே ஒரு தடவை அதைப் பொறுமையாகப் பாருங்கள், போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் போதும். எங்கள் வயலில் அதிகம் வருவது கஸ்ஸிடா சர்க்கம்டாட்டா, வளர்ந்த வண்டு பச்சையாக, முதுகில் கருப்பு வளையம் போட்டு இருக்கும். அதன் புழு தட்டையானது, வெளிர் பச்சை, உடம்பைச் சுற்றி முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். வால் பக்கத்தில் கவட்டை மாதிரி இரண்டு நீண்ட முட்கள். புழு பெரிதாகிச் சட்டை உரிக்கும்போது பழைய சட்டையைக் கீழே போடாது, அந்தக் கவட்டையில் மாட்டிக்கொள்ளும். அடுத்த சட்டை அதற்கு உள்பக்கம், அதற்கடுத்தது அதற்கும் உள்பக்கம். ஆகச் சின்ன வயதுச் சட்டைதான் நுனியில் இருக்கும். அது போதாதென்று, ஆசனவாயைத் தொலைநோக்கிக் குழல் மாதிரி நீட்டி வளைத்து, தன் கழிவையும் அந்தச் சட்டைகளின் மேலேயே அப்பிக்கொள்கிறது. இப்படிச் சேர்ந்த மூட்டையை முதுகுக்கு மேல் குடை போலப் பிடித்துக்கொண்டு, அடியில் உட்கார்ந்து நிம்மதியாக இலையைச் சுரண்டித் தின்னும். நீங்கள் பறவை எச்சம் என்று எழுதியது இந்தக் குடையைத்தான். அருவருப்பு என்று சொல்வீர்கள், நானும் முதலில் சொன்னேன்.

ஒரு நாள் காலை பத்து மணி வெயிலில் ஒரு புழுவின் பக்கம் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டெறும்பு ஒன்று வந்து அதன் இடது விலாவை மீசையால் தொட்டது. புழு தலையைக்கூட அசைக்கவில்லை. மேலே மடித்து வைத்திருந்த குடை மட்டும் சட்டென்று இடது பக்கம் சரிந்து எறும்பின் முகத்தில் பட்டது. எறும்பு பின்வாங்கி, முன்னங்காலால் மீசையைத் துடைத்து, கொஞ்சம் யோசித்து, வலது பக்கமாகச் சுற்றி வந்தது. குடையும் வலது பக்கம் திரும்பியது. மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை எறும்பு வரவில்லை, காம்பு வழியாக இறங்கிப் போய்விட்டது. 1967-லேயே ஐஸ்னரும் கூட்டாளிகளும் ஐரோப்பிய முட்செடி ஆமை வண்டின் புழுவை வைத்து இதே விஷயத்தை எறும்புகளோடு சோதித்து எழுதிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது, நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி அன்றைக்குக் கடைக்குத் தாமதமாகப் போனேன். குடை எல்லாரிடமும் பலிக்கும் என்று இல்லை, காகிதக்கூடு கட்டும் குளவி குடையைப் பொருட்படுத்தாமல் புழுவைப் பிடித்துவிடும்.

முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதம், கொஞ்சம் முன்னே பின்னே. இந்தப் பூச்சிகள் இலையை எப்படிச் செரிக்கின்றன என்பதில் ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் விட மனசு வரவில்லை. இலையின் செல்களை ஒட்ட வைத்திருக்கும் பசை பெக்டின், ஜாம் கட்டியாவதும் அதனால்தான். முட்செடி ஆமை வண்டு ஒரு பாக்டீரியாவை வயிற்றில் குடிவைத்துத்தான் இந்தப் பெக்டினைக் கரைத்துக்கொள்கிறது. தாய் வண்டு ஒவ்வொரு முட்டையின் தலைமாட்டிலும் அந்தப் பாக்டீரியாவை ஒரு குட்டி உருண்டையில் கட்டி வைக்கிறாள், பொரிவதற்கு முன்னால் குஞ்சு அந்த உருண்டையைக் குத்திக் குடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. உருண்டையை எடுத்துவிட்டால் பெரும்பாலான குஞ்சுகள் பிழைப்பதில்லை. 2017-இல் இது வெளிவந்தது. அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு வெறும் 2.7 லட்சம் டி.என்.ஏ. எழுத்துதான், நம்முடையது 300 கோடி. வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு வேலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. சீம்பால் கொடுக்கிற மாதிரி என்று என் மனைவியிடம் சொன்னேன், "பூச்சிக்குமா" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது மருந்து விஷயம். என் பக்கத்து வயல்காரர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், போன வருஷம் கொடியெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு மருந்துக்கடைக்கு இலையோடு போனார். கடையில் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம், இரண்டு பாட்டிலைக் கலந்து அடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று தடவை அடித்தார். ஓட்டை நின்றது, ஆமை வண்டும் போயிற்று, எங்கள் வரப்பில் இருந்த பொறிவண்டும் சிலந்தியும் சேர்ந்து போயிற்று. தோண்டும்போது பார்த்தால் கிழங்கில் பாதிக்கு மேல் உள்ளே கருப்புச் சுரங்கம், கசப்பு நாற்றம், மாட்டுக்குப் போட்டால் அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. (தின்னாமல் விட்டதும் நல்லதுதான், அந்தக் கசப்பு மாட்டுக்கு ஆகாது.)

கிழங்கைத் தின்றது ஆமை வண்டு இல்லை, கூன்வண்டு. ஆமை வண்டு இலையைத் தாண்டிப் போகாது. கூன்வண்டு பார்க்க எறும்பு மாதிரி இருக்கும், அரை சென்டிமீட்டர் சொச்சம் நீளம், நடுவுடம்பும் காலும் செங்கல் சிவப்பு, பின்னுடம்பு கருநீலம், முன்னால் வளைந்த மூக்கு. கொடியின் அடித்தூரிலும் கிழங்கிலும் முட்டையிடும், புழு உள்ளேயே குடைந்து உள்ளேயே வளரும். மேலே இலையில் அடித்த மருந்து மண்ணுக்குள் இருக்கிற புழுவை என்ன செய்யும்? தண்ணீர் பாய்ச்சத் தாமதமாகி மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகத்தான் அது கிழங்குக்கு இறங்குகிறது. அதனால் தூரில் மண் அணைத்து வெடிப்பை மூட வேண்டும், பூச்சி இல்லாத கொடியை வெட்டி நட வேண்டும், ஒரே இடத்தில் வருஷா வருஷம் போடக்கூடாது, தோண்டி முடிந்ததும் சொத்தைக் கிழங்கையும் பழைய கொடியையும் வயலிலேயே விட்டுவிடக் கூடாது. இனக்கவர்ச்சிப் பொறி (பெண் வண்டின் வாசனை வைத்த பொறி) வைத்தால் ஆண் கூன்வண்டுகள் வந்து விழும், திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். உங்கள் தோட்டப் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது இதுதான்.

ஆமை வண்டு இலையில் ஓட்டை போடுவது உண்மைதான். நட்டு இரண்டு வாரத்தில், கொடி நாலு இலை விட்டிருக்கும்போது கூட்டமாக வந்தால் கையால் பொறுக்கிப் போடுங்கள், நானும் செய்திருக்கிறேன். கொடி தரையை மூடிய பிறகு அது தின்பது ஒரு கணக்கே இல்லை, இந்த ஆறு வருஷத்தில் ஓட்டை விழுந்த பாத்தியிலும் விழாத பாத்தியிலும் நான் தோண்டிய கிழங்கில் வித்தியாசம் பார்த்ததில்லை. மாடியில் தொட்டியில் இரண்டு கொடி வைத்திருப்பவர் எதற்காக மருந்து அடிக்க வேண்டும்? அதிலும் கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லா ஆமை வண்டும் சாது என்று நான் சொல்ல வரவில்லை. குமிழ்மரத் தோப்பு போட்டவர்களைக் கேட்டால் தெரியும், நீலப்பச்சையாக மினுங்கும் ஒரு ஆமை வண்டு மரத்தையே மொட்டையாக்கிவிடும். நெல்லில் வரும் முள்வண்டும் இதற்குப் பங்காளி முறைதான். பனாமாவில் ஒரு ஆமை வண்டின் கூட்டுப்புழுவை வெள்ளைப் பூஞ்சை ஒன்று போர்வை மாதிரி மூடி எறும்பிடமிருந்து காப்பாற்றுகிறது, பதிலுக்கு வண்டு வளர்ந்ததும் அந்தப் பூஞ்சையைக் காலில் சுமந்துபோய்ச் சீனிக்கிழங்குக் கொடியில் சேர்க்கிறது, பூஞ்சை கொடியை வாட வைக்கிறது. 2022-இல் கண்டுபிடித்த செய்தி. நம்மூர் வண்டு வேறு, இருந்தாலும் என் வாதத்துக்குத் தோதில்லை என்பதற்காக இதை ஒளித்துவைக்க முடியாதே.

இன்னொன்று. வயலும் மாடியும் இல்லாதவர்கள் ஆமை வண்டைப் பார்க்க வேண்டுமானால் கால்வாய்க் கரைக்குப் போனால் போதும். ஊருக்கு ஊர் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறதே, ஊதா நிறத்தில் புனல் மாதிரி பூக்கும், ஆடு தின்றால் நடுக்கம் கண்டு கிறுகிறுத்துப் போகும், அந்தச் செடி. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, சீனிக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரம், சீனிக்கிழங்கும் அங்கிருந்து வந்ததுதான். ஆடு தொடாத அந்த இலையை நம்மூர் ஆமை வண்டு ஒன்று ஒரு கை பார்க்கிறது. அஸ்பிடிமார்ஃபா மிலியாரிஸ், சந்தன நிற ஓட்டில் கருப்புப் புள்ளி தெளித்தது, ஆமை வண்டுகளில் நல்ல பெரிய ஆள். முட்டைகளைக் காகிதம் மாதிரிக் காய்ந்த ஒரு உறைக்குள் அடுக்கி இலையில் ஒட்டிவிடும், புழுக்கள் பொரிந்ததும் கூட்டமாக ஒரே இலையில் உட்கார்ந்து அதைச் சல்லடையாக்கிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். செடி மறுபடி தழைத்துவிடுகிறது, அது வேறு விஷயம். மழை முடிந்து ஒரு மாதத்தில் போனால் முட்டை, புழு, வண்டு மூன்றையும் ஒரே புதரில் பார்க்கலாம், எங்கள் ஊர்க் கால்வாயில் பார்க்கலாம் என்பதற்கு நான் உத்தரவாதம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள், படத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, மருந்து அடிக்கச் சொன்ன வரியையும் திரும்பப் பெறுங்கள். குடை பிடித்த புழுவின் படம் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன், தோட்டப் பக்கத்துக்கு உதவும். வலது ஓரத்தில் மங்கலாகத் தெரிவது என் கட்டைவிரல், அதை வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி.